நீரேரிக் கரையில் குழி வெட்டும்போது வந்த சங்கு: உயிர்ச்சுவடா, பழஞ்சங்கா?

அரியாலைக்கரை:

வணக்கம். அரியாலை கிழக்கில், நீரேரியிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் உள்ளுக்கு, மலசலகூடக் குழி வெட்டேக்க நாலரை அடி ஆழத்தில் மூன்று சங்கு வந்திருக்கு. மேலே இரண்டடிக்கு மஞ்சள் மணல். அதுக்குக் கீழே சேறும் மணலும் கலந்த சாம்பல் படை. சங்குகள் அந்தச் சாம்பல் படைக்குள்ளதான் கிடந்தது. கூடவே மட்டி ஓடும் சின்ன ஊரிகளும் நிறைய.

பெரியது 14.5 செ.மீ. நீளம், அகலமான இடத்தில் 8 செ.மீ. சுண்ணாம்பு வெள்ளை, மினுக்கம் இல்லை. நகத்தால் சுரண்டினால் மாப் போல வருது. இரண்டாவதுக்கு உச்சி முறிஞ்சு போச்சு. மூன்றாவது பாதி ஓடு மட்டும்தான். அதின்ர ஒரு விளிம்பு வெட்டினது போல நேராக் கிடக்கு.

கேக்க வேண்டியது இவ்வளவுதான். இது கோயில்ல ஊதுற சங்கின்ர இனம்தானா? கல்லாகிப் போன உயிர்ச்சுவடா, இல்லாட்டி வெறும் பழைய ஓடா? அமிலத்தில் முக்கி எடுத்தால் பளிச்சென்று வரும் எண்டு சொல்லினம், செய்யலாமா? பெரியதை ஊதுசங்கு ஆக்கலாமா? இன்னும் ஒண்டையும் கழுவேல்லை, சேறோட பிளாஸ்ரிக் பையுக்க கட்டி வைச்சிருக்கு.

ஊரிமணல்:

கழுவாமல் வைத்தது நல்ல காரியம். அப்படியே இருக்கட்டும்.

முதலில் இனம். சங்கை வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, உள்ளே நடுத்தண்டைப் பாருங்கள். அந்தத் தண்டின் நடுப்பகுதியில், தண்டுக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக, 3 அல்லது 4 தடித்த மடிப்புகள் வரிசையாக இருந்தால் அது டர்பினெல்லா பேரினம். விரல் நுனியை உள்ளே விட்டாலே வரம்பு வரம்பாகத் தட்டுப்படும். நிறம் போய், மேல்தோல் போய், உச்சி உடைந்து கிடந்தாலும் இந்த அடையாளம் மட்டும் அழியாது. ஆகவே உங்கள் பாதி ஓட்டையும் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

நம் கடலில் இதோடு குழம்பக்கூடியவை சில உண்டு. முள்ளுச் சங்குக்கு ஒரு சுற்றுக்கு மூன்று இடத்தில் இலை போன்ற முள் வரிசை இருக்கும், நடுத்தண்டு வழுவழுப்பு. விரல் சங்குக்கு உதடு விரல் விரலாக நீண்டிருக்கும். விரல் உடைந்து போனாலும் உதட்டின் தடிப்பும் மடிப்பில்லாத தண்டும் காட்டிக் கொடுக்கும். உண்மையில் ஏமாற்றக்கூடியது வேசம் என்ற பேரினம்தான். அதுவும் சங்கின் உறவு, அதற்கும் தண்டில் மடிப்பு உண்டு. ஆனால் அது குட்டையானது, வெளிப்புறம் முழுக்க வரிசை வரிசையாக முட்டுகள் இருக்கும். 14.5 செ.மீ. நீளத்தில், வழுவழுப்பான உடலோடு, மடிப்பும் இருந்தால் உங்களிடம் இருப்பது டர்பினெல்லா பைரம், ஊதுகிற அதே சங்கு.

டர்பினெல்லா என்ற பேரினத்துக்கு இயற்கையியலாளர் லமார்க் 1799 இல் பெயரிட்டார். நம்முடைய இனத்துக்கு அதற்கு முன்பே, 1767 இல், லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். பழைய நூல்களில் இதே பேரினம் சாங்கஸ் என்ற பெயரில் வரும். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதித் தகவல் கண்ணில் படாது. இன்று உயிரோடு இருக்கும் இனங்கள் மிகச் சிலவே. அவற்றுள் சில: இந்திய, இலங்கைக் கரைகளில் நம்முடையது, கரீபியன் கடலில் 30 செ.மீ.க்கு மேலும் வளரும் டர்பினெல்லா அங்குலாற்றா, பிரேசிலின் வடகிழக்குக் கரையில் டர்பினெல்லா லெவிகாற்றா. மறைந்துபோன இனங்களும் உண்டு. புளோரிடாவின் பிளியோசீன் (மயோசீனுக்கு அடுத்த காலம்) படிவுகளில் கிடைக்கும் டர்பினெல்லா ரெஜினா அவற்றுள் பெயர் பெற்றது.

இந்த விலங்கின் இனப்பெருக்கம் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ளது. பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சு நீரோட்டத்தோடு மிதந்து தூரம் போகும். சங்குக் குஞ்சு அப்படிப் போவதில்லை. தாய்ச் சங்கு மணலில் ஊன்றி வைக்கும் ஆட்டுக்கொம்பு போன்ற முட்டைக் கூட்டுக்குள்ளேயே ஓடு கட்டி, ஊர்ந்துதான் வெளியே வரும். பிறந்த மணலை விட்டு அதிகம் விலகாது. அதனால்தான் மன்னார்க் குடாச் சங்குக்கும் பாக்கு நீரிணைச் சங்குக்கும் உருவத்தில் வேறுபாடு. அதனால்தான் ஒரு படுகையை முழுக்க அள்ளிவிட்டால் அது மீளவும் நெடுங்காலம் எடுக்கிறது. நிலத்துக்குள் ஒரு சங்குக் கூட்டம் கிடந்த நிலையிலேயே அகப்பட்டால், அந்த இடத்தில் அவற்றுக்கேற்ற மணல் தரையும் உவர்ப்பும் அவை தின்னும் கடற்புழுக்களும் ஒரு காலத்தில் இருந்தன என்று நம்பிச் சொல்லலாம்.

கல்லும்கடலும்:

ஊரிமணல் கடைசியாகச் சொன்னதில் “கிடந்த நிலையிலேயே” என்ற நிபந்தனைதான் முக்கியம். அலை ஒதுக்கிய ஓடும் சேற்றுக்குள் புதையும். மனிதர் கொட்டிய ஓடும் புதையும். அதைப் பிரித்தறிய சங்கை விட மட்டிதான் உதவும். பையில் இருக்கும் சேற்றைக் கிளறி, இரண்டு ஓடும் ஒட்டியபடியே இருக்கும் மட்டி உண்டா என்று பாருங்கள். மட்டி செத்தால் அதன் பிணைப்பு விரைவில் அழுகி, சிறு அலைக்கே ஓடுகள் பிரிந்துவிடும். சோடியாகக் கிடந்தால் அந்தப் படை கலையாத படை.

உயிர்ச்சுவடா என்ற கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மயோசீன் என்றால் இன்றைக்கு 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். கீரிமலையில் கரையோரமாகத் தெரிவதும், நிலாவரைக் கிணறு இறங்குவதும் இந்தக் கல்லில்தான். வேலண்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1923 இலேயே இலங்கையின் மயோசீன் படிவுகளை விரிவாக எழுதிவிட்டார்கள். அந்தக் கல்லில் சங்கு போன்ற ஓட்டை முழு ஓடாக எதிர்பார்க்கக்கூடாது. சங்கின் ஓடு அரகோனைற்று. அதுவும் கல்சைற்றும் கல்சியம் காபனேற்றின் இரண்டு படிக வடிவங்கள். நிலத்தடி நன்னீர் அரகோனைற்றைக் கல்சைற்றை விட எளிதாகக் கரைக்கும். ஓடு கரைந்து போய், ஓட்டுக்குள் இறுகிய சுண்ணச் சேறு மட்டும் முறுக்கிய கல்லாக எஞ்சும். அதை உள்ளச்சு என்போம். உள்ளச்சில் நடுத்தண்டு இருந்த இடம் வெற்றுத் துளை. மடிப்பு இருந்த இடத்தில் மேடு இராது, பள்ளக் கோடுதான் இருக்கும். கிணறு வெட்டுகிற இடங்களில் கல்லுக்குள் இப்படி ஒரு முறுக்கு அகப்பட்டால், பள்ளக் கோடுகளைப் பல் வைத்தியத்தில் பாவிக்கும் சிலிக்கனால் அச்செடுத்துப் பாருங்கள். மடிப்பு மேடாக எழும்பி வரும்.

நீங்கள் எடுத்தது இளகிய மணல் படையில், ஓடு ஓடாகவே. ஆகவே அது மயோசீன் அல்ல. இலங்கைக் கரைகளில் ஏறத்தாழ 6000 முதல் 3000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதை விடச் சற்று மேலே நின்றதற்குச் சான்றுகள் உண்டு. நீரேரிக் கரையில் இந்த ஆழத்தில் இருக்கும் சாம்பல் படைக்கு அந்தக் காலத்தையோ அதற்குப் பிந்தியதையோதான் முதலில் நினைக்க வேண்டும். கல்லாகும் வழியில் சிறிது தூரம் போன ஓடு என்று சொல்லலாம். உள்ளிருந்த புரதப் பசை அழிந்து போனதால்தான் மாப் போல உதிர்கிறது. காலம் கூடக்கூட உதிர்வு கூடும் என்று கணக்கு வைக்காதீர்கள். வெயிலில் கிடந்த ஓடு சில பத்தாண்டுகளிலேயே அப்படி ஆகிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். அரகோனைற்றின் அடர்த்தி 2.93, கல்சைற்று 2.71. இரண்டாவது சங்கின் முறிந்த இடத்தில் 20 கிராம் அளவு தடித்த துண்டு எடுங்கள். பல்துலக்கும் தூரிகையால் மண்ணைப் போக்கி, நன்றாக உலர்த்தி, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். பிறகு துண்டைத் தண்ணீரில் 10 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, பூச்சியமாக்கி, துண்டை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு முழுக்க அமிழ்த்துங்கள். அப்போது தராசு காட்டும் கிராம், துண்டின் கனவளவு மில்லிலீற்றரில். உலர் நிறையை அதால் வகுத்தால் அடர்த்தி. கொதிக்கவைப்பதைத் தவறவிட்டால் நுண்துளையில் காற்று நின்று கனவளவைக் கூட்டிக் காட்டும், விடை குறைந்து வரும், அரகோனைற்றைக் கல்சைற்று என்று நினைத்துவிடுவீர்கள். அமிலம் விட்டுப் பொங்குகிறதா என்று பார்ப்பது இங்கே வேலைக்காகாது. இரண்டும் கல்சியம் காபனேற்று, இரண்டும் பொங்கும்.

அரியாலைக்கரை:

நன்றி அண்ணைமார். நடுத்தண்டில் மூன்று மடிப்பு தெளிவாக் கிடக்கு, நாலாவது மெல்லிசா. பாதி ஓட்டிலயும் மூன்று. சேற்றுக்குள்ள ஒட்டின மட்டி ஏழு வந்தது.

துண்டு உலர் நிறை 22.4 கிராம். அமிழ்த்தேக்க தராசு 7.7 காட்டினது. வகுத்தால் 2.91.

அந்த நேர் விளிம்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மண்வெட்டி பட்டிருக்குமோ?

கல்லும்கடலும்:

2.91 என்றால் ஓடு இன்னமும் அரகோனைற்றுத்தான். சோடி மட்டியும் இருப்பதால் படை கலையவில்லை. சரியான வயது வேண்டுமானால் காபன்-14 தான் வழி, ஓட்டில் எஞ்சிய கதிரியக்கக் காபனை அளந்து வயது சொல்லும் முறை அது. ஓடு மீளப் படிகமாகாமல் இருப்பதால் நம்பத்தக்க விடை கிடைக்கும். நகக்கண் அளவு ஓடே போதும். சங்கை விட ஒட்டிய மட்டியைக் கொடுப்பது நல்லது, அது அந்தப் படையிலேயே செத்தது என்று தெரியும். வரும் எண்ணை அப்படியே வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல்நீரில் இருக்கும் காபனே பழையது என்பதால், கடல் ஓடு உண்மையை விடச் சில நூறு ஆண்டு மூப்பாகக் காட்டும், அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும். ஒரு சோடி மட்டியைத் தாளில் சுற்றாமல் அலுமினியத் தாளில் சுற்றி, எந்தப் பசையும் மருந்தும் படாமல் இப்போதே ஒதுக்கி வையுங்கள். தனி ஒரு குழிக்காகத் திகதியிடப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த மட்டி கையில் இருந்தால், பின்னொரு நாள் யாராவது அந்தக் கரை முழுவதையும் ஆராயும்போது உங்கள் குழியும் கணக்கில் வரும்.

வளைவெட்டு:

மூன்றாவது துண்டுக்காகத்தான் எழுதுகிறேன். அதைக் கழுவ முன் மூன்று விசயம் பாருங்கள்.

மண்வெட்டி பட்ட முறிவு புதிது. உள்ளே தூய வெள்ளையாக, விளிம்பு கூராக இருக்கும், மற்ற இடத்துச் சாம்பல் கறை அதில் இராது. கடலில் தானாக உடைந்தது வளர்ச்சிக் கோட்டை ஒட்டியோ கண்டபடியோ போகும், விளிம்பு மழுங்கியிருக்கும். அரம் போட்ட வெட்டு அப்படி இல்லை. ஓட்டின் வளர்ச்சிக் கோட்டைப் பொருட்படுத்தாமல் ஒரே தளத்தில் போகும். சாய்வாக வெளிச்சம் அடித்து உருப்பெருக்கியால் பார்த்தால், வெட்டு முகத்தில் ஒன்றுக்கொன்று இணையான மெல்லிய கீறல்கள் தெரியும். வெட்டு முடியும் இடத்தில் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அரம் போகாமல் முறிக்கப்பட்டு, சிறு உதடு போல நிற்பதும் உண்டு. கீறலுக்குள் சாம்பல் சேறு படிந்திருந்தால் வெட்டு பழையது.

அப்படி இருந்தால் அது வளையல் அறுத்த கழிவாக இருக்கலாம். சங்கு வளையலுக்கு முதலில் உச்சியையும் வாயுதட்டையும் நீக்கி, நடுத்தண்டை உடைத்து எடுத்து, எஞ்சிய வெற்று உடலைத்தான் குறுக்காக வளையம் வளையமாக அறுப்பார்கள். ஆகவே கழிவில் கூடுதலாக வருவது உச்சித் துண்டும், தண்டும், உதடும். தமிழ்நாட்டுக் கொற்கையிலும் மன்னார்ப் பக்கத்து மாந்தையிலும் அகழ்வில் வெளிவந்த சங்குத் தொழில் தடயங்கள் பெயர் பெற்றவை. வடக்கின் சங்கு பிற்காலத்தில் வங்காளத்துக்கு, டாக்கா வளையல் தொழிலாளரிடம், மூட்டை மூட்டையாகப் போனது.

இங்கே நிதானம் வேண்டும். சோடி மட்டி கிடந்த அதே மட்டத்தில் வெட்டிய துண்டு கிடந்ததா, அல்லது மேல் மணலிலிருந்து குழி வெட்டும்போது சரிந்து விழுந்ததா? முதலாவது என்றால் மனிதக் கைபட்ட பொருள் ஒன்று கலையாத கடற்படைக்குள் இருக்கிறது, அது பெரிய செய்தி. இரண்டாவது என்றால் சாதாரணம். குழியின் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, அளவு நாடாவைத் தொங்கவிட்டுப் படமெடுங்கள். மணலும் சாம்பல் படையும் சேருமிடத்தில் ஓட்டுத் துண்டு, கரி, பானை ஓடு ஏதும் தெரிகிறதா பாருங்கள்.

வெட்டு உறுதியானால் மேலும் தோண்டாமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இதற்குப் பொருந்தும். யாழ்ப்பாணம் நாவலர் வீதி அரும்பொருட் காட்சியகத்தில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

ஓட்டுப்பெட்டி:

சுத்தம் செய்வதைப் பற்றி. அமிலம் வேண்டவே வேண்டாம். தடித்த புதுச் சங்கில் மேல்தோலையும் சுண்ணப் படிவையும் நீக்க வியாபாரத்தில் அமிலம் பாவிப்பார்கள். புதுச் சங்கு இறுக்கமானது, மேலே மெல்லிய படை மட்டும் போகும். உங்களுடையது பசை அழிந்து துளைவிட்ட ஓடு. அமிலம் துளை வழியே உள்ளே ஊறி, வெளியே எடுத்துக் கழுவிய பிறகும் தின்றுகொண்டிருக்கும். மடிப்பு, முட்டு, வெட்டுக் கீறல், எல்லாம் ஒரே நிமிடத்தில் மழுங்கிப் போகும். வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் அமிலந்தான். வெளிற்றும் திரவமும் வேண்டாம், வெளுக்க அங்கே நிறமே இல்லை.

பெரிய எதிரி உப்பு. சேற்றோடு வந்த உப்பு துளைக்குள் இருக்கும்வரை, காற்றில் ஈரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கரைந்து மீண்டும் படிகமாகும். படிகமாகும்போது ஓட்டைச் செதிள் செதிளாகத் தள்ளும். வெயிலில் காயவைத்தால் இதே சேதம் ஒரே பகலில் நடக்கும்.

மரக்குச்சியாலும் மெல்லிய தூரிகையாலும் ஈரமாக இருக்கும்போதே சேற்றை எடுங்கள். ஊசி, கத்தி தொடக்கூடாது. வாய்க்குள் இறுகிய சேற்றில் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு சங்கை அதைப்போல ஐந்து மடங்கு தண்ணீரில் அமிழ்த்துங்கள். அரியாலைப் பக்கத்துக் கிணற்று நீரே உவராக இருந்தால் அதில் ஊறவைத்துப் பயனில்லை. மழைநீர் எடுத்து, அதற்குள் ஒரு கைப்பிடி உடைந்த மட்டி ஓட்டைப் போட்டு ஒரு நாள் வைத்த பின் பாவியுங்கள். வெறும் மழைநீர் ஓட்டைச் சிறிது கரைக்கப் பார்க்கும். மட்டி ஓடு கிடந்த நீர் அந்தப் பசியை முதலே தீர்த்திருக்கும். தினமும் நீரை மாற்றுங்கள். தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டீடிஎஸ் மீற்றரால் புது நீரையும், ஒரு நாள் ஊறிய நீரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று வந்ததும் நிறுத்தலாம். நாள் கணக்கை நம்ப வேண்டாம், தடித்த சங்குக்கு வாரக்கணக்கில் எடுக்கலாம்.

உலர்த்துவது நிழலில், மெதுவாக. முதல் சில நாள் மூடியை அரைவாசி திறந்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, பிறகு வெளியே. நன்றாக உலர்ந்த பின்னும் விரலில் மா ஒட்டினால் மட்டும் பாரலாய்ட் பி-72 பூசுங்கள். அது ஓட்டை இறுக்கும் அக்ரிலிக் பிசின், மணி மணியாக வரும். 100 மில்லிலீற்றர் அசற்றோனில் 5 கிராம் மணியைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு இரவில் கரையும். அடியில் கொட்டினால் பசைக்கட்டியாகி நாள் கணக்கில் இழுக்கும். தூரிகையால் ஓடு உறிஞ்சும்வரை விடுங்கள், மினுக்கம் வர முன் நிறுத்துங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், கிட்ட அடுப்போ நெருப்போ கூடாது. கார்த்திகை, மார்கழி ஈர நாட்களில் இதைச் செய்யாதீர்கள். அசற்றோன் ஆவியாகும்போது ஓடு குளிர்ந்து, காற்றின் ஈரம் மேலே படிந்து, வெண்பூச்சாக நிற்கும். வந்துவிட்டால் உலர்ந்த நாளொன்றில் வெறும் அசற்றோனை மெல்லத் தடவினால் போய்விடும். வார்னிஷ் அடித்தால் மஞ்சளாகும், திருப்பி எடுக்கவும் முடியாது.

வெட்டு இருப்பதாகச் சந்தேகப்படும் துண்டுக்கு இவை எதுவும் வேண்டாம். பார்ப்பவர்கள் பார்த்து முடியும்வரை ஈரச் சேற்றோடு, பையை மூடி, நிழலில் வையுங்கள்.

பெட்டி விசயத்திலும் கவனம். மர அலுமாரி, பலகைத்தூள் அட்டை எல்லாம் மெல்லிய அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அது ஓட்டின்மேல் வெள்ளைப் பூ போலப் பூத்து ஓட்டை அரிக்கும். பார்த்தால் பூஞ்சணம் போல இருக்கும், ஆனால் உயிருள்ளது அல்ல, துடைத்தாலும் திரும்ப வரும். பொலித்தீன் பெட்டியோ கண்ணாடியோ நல்லது.

ஊதுசங்கு ஆக்குகிற எண்ணத்தை விடுங்கள். அதற்கு உச்சியை அராவி வாய் திறக்க வேண்டும். இப்படிப் பசை போன ஓடு அராவும்போதே சுற்றுச் சுற்றாகப் பிளக்கும். தப்பினாலும் துளைவிட்ட சுவர் காற்றைக் கசியவிடும், புழு குடைந்த ஓட்டை இருந்தால் சொல்லவே வேண்டாம், நாதம் நிற்காது.

தோணியடி:

இடையில் ஒரு கேள்வி. தோண்டி எடுத்ததில் வலம்புரி இருந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதோடு, கடையில் விற்கிற வலம்புரி மெய்யா பொய்யா என்று பார்க்கவும் அந்த மடிப்பு உதவுமா?

ஊரிமணல்:

நீர்வழி (வாயோடு நீளும் ஒடுங்கிய முனை) மேலே, உச்சி கீழே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். பூசைக்குப் பிடிக்கிற நிலை அது. வாய் உங்கள் வலக்கைப் பக்கம் திறந்தால் வலம்புரி, இடப்பக்கம் என்றால் வழக்கமான இடம்புரி. விலங்கியல் நூல்கள் உச்சியை மேலே வைத்து எழுதுவதால் அவற்றில் வலம்புரிக்கு இடச்சுற்று என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

கடை விசயத்தில் மடிப்பு நிச்சயம் உதவும். வலம்புரி என்று விற்கப்படுபவற்றில் அமெரிக்கக் கரையின் மின்னல் சங்கு எனப்படும் பூசிக்கன் வகை நிறைய. அந்த இனத்துக்கு இயல்பே அந்தச் சுற்றுத்தான், அங்கே அது அபூர்வமே அல்ல. அதன் நடுத்தண்டில் டர்பினெல்லாவின் மூன்று நான்கு தடித்த மடிப்பு கிடையாது. ஓடு மெல்லிசு, தோளில் முட்டு முட்டாக இருக்கும். முட்டை அராவி, மேலே மினுக்கிவிட்டாலும் உள்ளே மடிப்பைச் செதுக்கி வைக்க முடியாது. விற்பவர் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்க விடாவிட்டால் வாங்க வேண்டாம்.

அரியாலைக்கரை:

வெளிச்சம் சாய்ச்சு அடிச்சுப் பார்த்தன். இணையான கீறல் தெரியுது, அதுக்குள்ள சாம்பல் சேறும் இருக்கு. ஆனால் குழிச் சுவரில், இரண்டடிக்குச் சற்றுக் கீழே, மணலும் சாம்பலும் சேருகிற இடத்தில் இன்னும் இரண்டு ஓட்டுத் துண்டும் கருப்பா ஏதோ பொட்டுகளும் தெரியுது. அவை நாலரை அடியில் இல்லை.

வளைவெட்டு:

அப்படியானால் வெட்டிய துண்டு அந்தச் சேர்விடத்திலிருந்து சரிந்ததாக இருக்கக் கூடுதல் வாய்ப்பு. முழுச் சங்குகள் கீழ்ப்படையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு போடுங்கள்: இடம், நில மட்டத்திலிருந்து ஆழம், எந்தப் படை, திகதி. பேனை மை ஈரத்தில் ஊறிப் போகும். சுவரில் இருக்கும் துண்டுகளையும் கரியையும் நீங்கள் இழுத்து எடுக்க வேண்டாம், கரியில் கை படவே கூடாது. மழை வர முன் தறப்பாளால் சுவரை மூடி, மேல்விளிம்பில் மண்மூட்டை வைத்துவிட்டு, நாளைக்கே அறிவியுங்கள். மலசலகூடக் குழியை நாலைந்து மீற்றர் தள்ளி வெட்டலாம்.